இதயம் எப்போது ஓய்வெடுக்கிறது?

"பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் உழைக்கும் உறுப்பு எது?" பள்ளிக்கூட வினாடி வினாவில் இதயம் என்று பதில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்போம். அந்தப் பதில் பாதிதான் சரி. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் ஓர் இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் இதயத்தின் பெரிய தசை இறுகி இருப்பது ஏறக்குறைய 0.3 நொடிதான். மீதி 0.5 நொடி அது தளர்ந்து கிடக்கிறது. ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சுமார் 9 மணி நேரம் வேலை, 15 மணி நேரம் தளர்வு.

அந்தத் தளர்வு வீண் நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. இதயம் ரத்தத்தால் நிரம்புவதும், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதும் அப்போதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு இதயத்தின் அமைப்பைப் பார்த்தால், மாடிப்படி ஏறும்போது மட்டும் சிலருக்கு ஏன் நெஞ்சு வலிக்கிறது, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் ஏன் தருகிறார் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இருக்கும் இடம்

நெஞ்சில் கை வைக்கச் சொன்னால் நம் கை இடது பக்கம் போகும். உண்மையில் இதயம் மார்பின் நடுவில், நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கூரான நுனி கீழ்நோக்கி இடது பக்கம் பார்க்கிறது. ஐந்தாவது விலா இடைவெளியில் அந்த நுனி நெஞ்சுச் சுவரைத் தட்டுவதால்தான் துடிப்பு இடப்பக்கம் தெரிகிறது. இதயம் நின்றுபோனவருக்கு முதலுதவி செய்யும்போது நெஞ்சின் நடுவில், எலும்பின் மேலேயே அமுக்கச் சொல்வதும் இதனால்தான்.

அளவு அவரவர் மூடிய கை அளவு. எடை 250 முதல் 350 கிராம். சுற்றிலும் இரண்டு அடுக்கு உறை ஒன்று இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே கொஞ்சம் திரவம் இருப்பதால் ஒரு நாளைக்கு லட்சம் முறை அசைந்தும் இதயம் எதிலும் உரசிப் புண்ணாவதில்லை.

ஒரே உறைக்குள் இரண்டு பம்புகள்

நான்கு அறைகள் என்று எல்லோரும் படித்திருப்போம். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள் என்று பழைய பாடப்புத்தகங்களில் வந்தவை இவைதான். இங்கே மேலறை, கீழறை என்றே சொல்கிறேன். ஆனால் நான்கு என்பதை விட இரண்டு என்று நினைத்துக்கொள்வது நல்லது: வலப்பக்கம் ஒரு பம்பு, இடப்பக்கம் ஒரு பம்பு. நடுவில் கனமான தடுப்புச் சுவர். பெரியவர்களின் உடலில் இரு பக்கத்து ரத்தமும் இதயத்துக்குள் கலப்பதே இல்லை.

உடல் முழுக்கச் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. படங்களில் இதை நீலமாகத் தீட்டுவார்கள். உண்மையில் அது கருஞ்சிவப்பு. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்குகிறது. வலது கீழறை அதை நுரையீரல்களுக்குத் தள்ளுகிறது. அங்கே கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தம் இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்கி, பெருந்தமனி வழியாக உடல் முழுக்கப் போகிறது.

வலது பம்புக்குப் போக வேண்டிய தூரம் குறைவு. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக் குழாய்களும் இளகியவை. அதனால் வலது கீழறை உண்டாக்கும் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசம் அளவுதான். சுவரின் தடிமன் 3, 4 மில்லிமீட்டர் போதும். இடது பம்பு மூளை முதல் கால் விரல் வரை அனுப்ப வேண்டும். அது 120 அளவுக்கு அழுத்துகிறது, சுவரும் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன்.

அழுத்தம் வேறுபட்டாலும் இரண்டு பம்புகளும் தள்ளும் அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. இது எவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வலது பம்பு ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளினால், நிமிடத்துக்கு 70 மில்லி ரத்தம் நுரையீரலில் தேங்கும். பத்து நிமிடத்தில் 700 மில்லி. ஆள் மூச்சுத் திணறிப் போவார். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள மேலே யாரும் உட்கார்ந்து கணக்கெடுப்பதில்லை. இதயத் தசைக்கே அந்தக் குணம் உண்டு: தளர்வு நேரத்தில் எவ்வளவு கூடுதலாக நிரம்பி இழுபடுகிறதோ, அடுத்த சுருக்கத்தில் அவ்வளவு பலமாகத் தள்ளும். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க், இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் கண்டறிந்த இந்த விதி, இதயத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வந்ததை எல்லாம் அடுத்த துடிப்பிலேயே அனுப்பிவிடும் ஏற்பாடு அது.

இடது பம்பு பலவீனமாகும்போது இந்தச் சமநிலை கெடுகிறது. ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வரும். வலது பம்பு பலவீனமானால் தேக்கம் உடலின் பக்கம். கணுக்கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். இதயச் செயலிழப்பு என்று டாக்டர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். இதயம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் குடும்பமே அழுதுவிடுகிறது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கதை வேறு. அங்கே நுரையீரலுக்கு வேலை இல்லை, ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அதனால் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அழுத்தம் மாறி அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலே இருக்கும், பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் 'இதயத்தில் ஓட்டை' என்பது பெரும்பாலும் தடுப்புச் சுவரே சரியாக வளராத வேறு நிலை.

ரத்தம் சுற்றுகிறது என்று எப்படித் தெரிந்தது?

இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன என்று எழுதினார். நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ரத்தம் அதன் வழியாக இடப்பக்கம் கசிகிறது என்றும் சொன்னார். கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் 13-ஆம் நூற்றாண்டில் அதை மறுத்தார். சுவர் கெட்டியானது, துளை இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போக முடியும் என்றார்.

1628-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்கால் கேலனை வீழ்த்தினார். ஒரு துடிப்பில் இவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது, அரை மணி நேரத்தில் இத்தனை துடிப்பு. பெருக்கினால் உடலில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் தாண்டிவிடுகிறது. சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ரத்தம் உண்டாக வழியே இல்லை. அப்படியானால் அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வர வேண்டும். இன்றைய அளவுகளை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம்: 70 மில்லி, 70 துடிப்பு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் ரத்தமும் 5 லிட்டர்தான். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர், அதாவது வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் ஏழு.

தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வியால் பார்க்க முடியவில்லை. 1661-இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, தந்துகிகளைக் கண்டார். வட்டம் முழுமையானது.

வால்வுகளும் சத்தமும்

அறைகளின் வாசலில் நான்கு வால்வுகள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வலப்பக்கம் மூவிதழ் வால்வு, இடப்பக்கம் ஈரிதழ் வால்வு. ஈரிதழ் வால்வைத்தான் டாக்டர்கள் மிட்ரல் வால்வு என்பார்கள். கீழறைகளிலிருந்து வெளியேறும் வழியில் நுரையீரல் தமனி வால்வு, பெருந்தமனி வால்வு. இவற்றைத் திறந்து மூடத் தனியாக எந்தத் தசையும் இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அதற்கேற்ப இதழ்கள் தாமாகத் திறக்கும், மூடும். கீழறை அழுத்தும்போது இதழ்கள் மேல்பக்கமாகப் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிக்க மெல்லிய நார்க் கயிறுகள் உண்டு.

'லப் டப்' என்று கேட்பது வால்வுகள் மூடும்போது எழும் சத்தம். கீழறை அழுத்தத் தொடங்கியதும் மேல் வால்வுகள் இரண்டும் மூடுவது லப். அழுத்தி முடித்ததும் வெளிவாசல் வால்வுகள் மூடுவது டப். கூர்ந்து கேட்டால் லப்புக்கும் டப்புக்கும் இடைவெளி குறைவாகவும், டப்புக்கும் அடுத்த லப்புக்கும் இடைவெளி அதிகமாகவும் இருக்கும். அந்த நீண்ட இடைவெளிதான் ஓய்வு நேரம்.

வால்வைப் பற்றிப் பேசும்போது ருமாட்டிக் காய்ச்சலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 5 முதல் 15 வயதுக்குள் ஒரு வகைக் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. அது ஆறிய சில வாரங்கள் கழித்து, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய அணுக்கள் சில பிள்ளைகளுக்கு மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகின்றன. மிட்ரல் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கிப்போகிறது. பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. முதல் தொண்டைப் புண்ணுக்கே சரியான மருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம். ஒருமுறை காய்ச்சல் வந்துவிட்டால், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி பல வருடங்களுக்குத் தவறாமல் போட வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும்.

நிரம்புவதும் தள்ளுவதும்

கீழறை தளர்ந்ததும் மேல் வால்வு திறந்து, மேலறையில் காத்திருந்த ரத்தம் தானாகவே உள்ளே பாய்கிறது. நிரம்ப வேண்டியதில் பெரும்பகுதி இப்படியே வந்துவிடும். கடைசியில் மேலறை 0.1 நொடி சுருங்கி, மீதி ஐந்தில் ஒரு பங்கு அளவை அனுப்புகிறது. அப்புறம் கீழறை இறுகுகிறது.

நிரம்பிய கீழறையில் சுமார் 120 மில்லி இருக்கும். வெளியே போவது 70. மீதி உள்ளேயே தங்கும். வெளியேறும் பங்கைச் சதவீதமாகச் சொல்வதுதான் எக்கோ ரிப்போர்ட்டில் வரும் 'இ.எஃப்.'. அதில் 60% என்று பார்த்துவிட்டு, இதயத்தில் 40% போய்விட்டது என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். 55 முதல் 70 வரை இருந்தாலே நல்ல இதயம். நூறு சதவீதம் காலியாகும் இதயம் யாருக்கும் கிடையாது.

யார் கட்டளையிடுவது?

மூளை அல்ல. வலது மேலறையின் மேல்பகுதியில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், ஒரு சிறு திசுத் திட்டு இருக்கிறது. பேஸ்மேக்கர் என்று இப்போது கருவிக்குச் சொல்லும் வேலையை இயற்கையில் செய்வது இதுதான். எஸ்.ஏ. நோட் என்பார்கள், நோட் என்றால் கணு. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் இதைக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் இரண்டாவது கணுவை விவரித்திருந்தார்.

எஸ்.ஏ. நோட்டைச் சும்மா விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவுக்கு மின் துடிப்பை உண்டாக்கும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதைப் பிடித்து இழுத்து 70-க்குக் கொண்டுவருகிறது. பயந்தால், ஓடினால் அந்தப் பிடி தளர்ந்து, வேறு நரம்புகளும் அட்ரினலினும் வேகத்தைக் கூட்டும். இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அது தானாகத் துடிக்கும், அதுவும் ஓய்வில் இருக்கும்போதே 90, 100 என்று.

மின் அலை மேலறைகளில் பரவி, தவாராவின் கணுவில் 0.1 நொடி அளவுக்குத் தாமதிக்கிறது. மேலறை தன் பங்கைக் கீழே இறக்கி முடிக்கக் கிடைக்கும் அவகாசம் அது. பின்பு வேகமான தனி நார்கள் வழியாகக் கீழறை முழுவதும் ஒரே மூச்சில் பரவுகிறது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் இந்த மின்சாரத்தைத் தோலின் மேலிருந்தே துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கி 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் காலத்தில் நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைய ஈசிஜி தாளில் முதலில் வரும் சின்ன மேடு மேலறைகளின் மின் அலை, உயரமான கூர்முனை கீழறைகளுடையது, கடைசி மேடு கீழறை மறுபடி தயாராகும் நேரம்.

அந்தத் தயாராகும் நேரத்தில்தான் இதயத் தசையின் தனித்தன்மை இருக்கிறது. கெண்டைக்கால் தசை விடாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நமக்கு உயிர் போகும் வலி வரும். இதயத் தசைக்கு அப்படிப் பிடிப்பு வராது. ஒருமுறை தூண்டப்பட்டால் சுமார் கால் நொடிக்கு அது வேறு எந்தத் தூண்டுதலையும் ஏற்காது. அதற்குள் சுருங்கி முடித்துத் தளரத் தொடங்கிவிடும். ஓய்வு அதன் அணுக்களிலேயே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

இதயத்தின் சாப்பாடு

உள்ளே இவ்வளவு ரத்தம் ஓடியும், அறைகளில் இருக்கும் ரத்தத்திலிருந்து இதயத் தசையால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவது மிகக் கொஞ்சம். பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்கு உணவு. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 5% இவற்றுக்குப் போகிறது.

இடது கீழறை இறுகும்போது அதன் தசைக்குள் ஓடும் சிறு குழாய்களும் நசுங்கிவிடும். அதனால் அதற்கான ரத்தம் பெரும்பாலும் தளர்வு நேரத்தில்தான் பாய்கிறது. அப்போது தள்ளுவது யார்? விரிந்திருந்த பெருந்தமனி மீண்டும் சுருங்கும் விசை. பிபி 120/80 என்று எழுதுகிறார்களே, அந்த 80 இந்த நேரத்து அழுத்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற தசைகள் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் கொஞ்சம்தான் எடுக்கும், தேவைப்பட்டால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இதயம் சாதாரணமாகவே முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. இன்னும் வேண்டுமென்றால் ரத்தமே கூடுதலாக வர வேண்டும்.

இப்போது கரோனரி தமனியில் கொழுப்பு படிந்து பாதை குறுகியவர் மாடி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். துடிப்பு 75-லிருந்து 130-க்குப் போகிறது. இறுகும் நேரம் கொஞ்சமாகவும், தளர்வு நேரம் மிக அதிகமாகவும் குறைகிறது. தேவை கூடும்போது சாப்பிடும் நேரம் குறைந்துவிட்டது, குழாயும் குறுகல். தசை ஆக்சிஜனுக்கு ஏங்கி வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைத்து இந்த நேரத்தைத்தான் நீட்டித் தருகின்றன. டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

படிந்த கொழுப்பின் மேல்தோல் வெடித்து அங்கே ரத்தம் உறைந்து குழாயை முழுதாக அடைத்தால் மாரடைப்பு. அரை மணிக்குள்ளேயே தசை சாகத் தொடங்கும், சில மணி நேரத்தில் அந்தப் பகுதி முழுவதும் போய்விடும். செத்த தசை திரும்ப வளராது, தழும்பாகிவிடும். நடு நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது இதன் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்த நேரத்தில் தசையை இழந்தவர்கள் நம்மிடையே ஏராளம். சந்தேகம் வந்தால் உடனே 108-ஐ அழைத்து ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

மாரடைப்பின்போது இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆள் பேசுவார். மின்சாரம் தாறுமாறாகி இதயம் தள்ளுவதையே நிறுத்திவிடுவது வேறு. அப்போது ஆள் சுருண்டு விழுவார், சரியாக மூச்சு இருக்காது. அவருக்கு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். அது எழும்பும்போதுதான் இதயம் நிரம்பும்.

தினமும் நடப்பவர்கள், ஓடுபவர்களின் இதயம் ஒரு துடிப்பில் கூடுதலாகத் தள்ளப் பழகுகிறது, அதனால் குறைவாகத் துடித்தால் போதும். நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு ஓய்வில் 50-க்குக் கீழேகூட இருக்கும். 50 என்றால் ஒரு துடிப்புக்கு 1.2 நொடி, அதில் முக்கால் நொடிக்கு மேல் தளர்வு. உங்கள் துடிப்பையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 இயல்பு. அதற்கு மேலேயோ கீழேயோ தொடர்ந்து இருந்தால், அல்லது தாளம் தப்பித் தப்பி வந்தால், ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.